பெஞ்சிலிருந்து ஒரு நிறுத்து

எங்கள் இரும்பு யார்டில் யாரும் சோம்பல் முறிப்பதில்லை. சோம்பலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, அது ஆளுக்கொரு மூட்டை இருக்கிறது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி முறுக்கக் கூடாது, அவ்வளவுதான். அங்கே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி மணிக்கட்டில் குறுக்கே வைத்தால் அதற்கு நிறுத்து என்று பொருள். கிரேன் ஓட்டுகிறவன் அதைப் பார்த்ததும் லீவரை விட்டுவிட வேண்டும். ஏன் எதற்கு என்ற கேள்வியே கிடையாது. ஏற்று, இறக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பதையெல்லாம் சிக்னல் காட்டுகிறவர் ஒருவர்தான் காட்டலாம். நிறுத்து மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், டீ கொண்டு வருகிறவர் கூட. புதிதாக வந்த ஒருவர் ஒரு மதியம் கொட்டாவியோடு கையைத் தூக்கி முறுக்கியதில் தகட்டுக் கட்டு அந்தரத்தில் நின்று ஆடியது. ஃபோர்மேன் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதற்கப்புறம் அந்த மனிதர் வீட்டில்கூடக் கையை இடுப்புக்கு மேல் தூக்குவதில்லை என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி.

கீழே நின்று சிக்னல் காட்டுகிறவரை நாங்கள் கேப்டன் என்போம். யார்டின் கூடைப்பந்து டீமுக்கு அவர்தான் கேப்டன், அதனால் வந்த பெயர். மேலே கேபினில் உட்கார்ந்திருப்பவன் அவருடைய மச்சினன். ஆள் கம்பம் மாதிரி இருப்பான், ஆகவே நெட்டை. அம்மா அப்பா போனபின் அவனைத் தூக்கி வளர்த்தது அவன் அக்காதான். கல்யாணமாகி வந்தபோது அக்கா ஒரு தையல் மெஷினையும் ஒரு தம்பியையும் கொண்டுவந்தாள் என்று கேப்டன் கேலியாகச் சொல்வதுண்டு. தொழில் பழக்கி அவனைக் கேபினில் ஏற்றியவரும் அவர்தான். மூவரும் என் பக்கத்து வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அக்கா வீட்டிலிருந்தே தோல் கையுறை தைத்துக் கொடுப்பவள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் எல்லாம் சரி. நின்றுவிட்டால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை, சுவர் அப்படி.

எனக்கும் பந்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் கேஸ் வைத்துத் தகடு வெட்டுகிறவன். ஆனாலும் எங்கள் டீமின் ஆட்டம் எனக்கு மனப்பாடம். யார் கையில் பந்து கிடைத்தாலும் அதைக் கேப்டனிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் அதைத் தட்டித் தட்டி நிதானமாகக் கொண்டுபோவார். போகும்போதே இடது கையால் யார்டு சிக்னலில் ஒவ்வொருவரையும் இடம் பார்த்து நிறுத்துவார். நீ உள்ளே போ, நீ விலகு, நெட்டை நீ கூடைக்கடியில் நில். எல்லோரும் நின்ற பிறகுதான் பந்து அவர் கையை விட்டுப் போகும். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நாங்கள் ஜெயித்ததைவிடத் தோற்றது கொஞ்சம் அதிகம். ஆனால் ஒழுங்காகத் தோற்போம்.

அந்தக் கோடையில் கம்பெனி ஒரு புதுக் கோச்சைக் கொண்டுவந்தது. வெளியே தகட்டைத் தொட்டால் தோல் உரிகிற வெயில். மேகம் தினமும் சாயங்காலம் கூடிக்கூடி ஒரு சொட்டும் விடாமல் கலைந்து போகும். கோச் அந்த வெக்கையில் மைதானத்து ஓரமாக நாற்காலி போட்டு ஒரு வாரம் வாயே திறக்காமல் பார்த்தார். பிறகு நெட்டையைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நெட்டை அதை அக்காவிடம் சொன்னான். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் மட்டும் அன்று நின்று நின்று ஓடியது.

கடைசியில் கோச்சே கேப்டனிடம் சொன்னார். டீமுக்குப் பழைய மாதிரி ஒரு பாயிண்ட் கார்டு தேவையில்லை என்பது அவர் முடிவு. நான் வேலியோரம் நின்றிருந்தேன்.

"பந்து யார் கைக்கு வருதோ அவனே எடுத்துக்கிட்டு ஓடணுங்க. நீங்க வந்து வாங்கி, தட்டி, கை காட்டி, எல்லாரையும் நிக்க வைக்கறதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டே வந்து நின்னுடுவான்."

"ஆளாளுக்கு ஓடினா யார் எங்க நிக்கறதுன்னு யார் சொல்றது?"

"யாரும் சொல்ல வேணாம். அவங்களுக்கே கண்ணு இருக்கு."

"சார், ஒரு லோடுக்கு ஒரு கைதான். அஞ்சு பேர் கை காட்டினா லோடு எவன் தலைல இறங்கும்னு தெரியாது."

"இது லோடு இல்லைங்க, பந்து" என்றார் கோச். அவர் குரலில் நக்கல் இல்லை. கேப்டனை மட்டம் தட்டும் எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பெஞ்சில் நீங்கள் இருந்தால் பையன்களுக்குத் தெம்பு என்றுகூடச் சொன்னார். அந்த ஆறுதல்தான் கேப்டனை அதிகம் சுட்டது.

வீட்டுக்குள் அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. கேப்டனுக்கு ஆத்திரம், முடிவு எடுத்த கோச் மேல் அல்ல, முன்கூட்டியே தெரிந்தும் சொல்லாமல் இருந்த மச்சினன் மேல். ஒரே மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருவரும் அக்கா வழியாகத்தான் பேசினார்கள். உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு உன் தம்பியை என்பார் அவர். மாமாவுக்கு நாளைக்கு முதல் ஷிப்ட்டா கேளுக்கா என்பான் இவன். கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். அக்கா இரண்டு பக்கமும் உப்பையும் பேச்சையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, தன் தட்டை ஆறவிட்டாள்.

ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் தம்பியிடம் கெஞ்சியதை நானே கேட்டேன். கோச்சிடம் போய் முடியாதென்று சொல்லிவிடு, மாமா இருந்தால்தான் ஆடுவேன் என்று சொல் என்றாள்.

"சொல்லலாம்க்கா. ஆனா கோச் சொல்றது சரி" என்றான் அவன். "பிராக்டிஸ்ல பாத்தேன். அவர் இல்லாதப்ப நாங்க நல்லாத்தான் ஆடறோம்."

"அதை அவர்கிட்ட சொல்லித் தொலைச்சிடாதடா" என்றாள் அக்கா. அவளுக்கு யார் பாயிண்ட் கார்டு என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காலையில் இருவரும் ஒரே வேலைக்குப் போகிறார்கள். ஒருவன் மேலே, ஒருவர் கீழே, நடுவில் டன் கணக்கில் இரும்பு. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் அவள் பயம். அவள் தைத்த கையுறைகளில் அந்த வாரம் விரல் கோணிப்போனவை நிறைய வந்ததாக அவற்றைச் சரிபார்த்து எடுக்கிற கண்காணிப்பாளர் முணுமுணுத்தார்.

யார்டில் மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கை அசைந்தால் இவன் லீவர் அசைந்தது. கோபத்தை இருவரும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள், அதுவரைக்கும்.

அந்தக் கோடையின் இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் மைதானத்தில், பாட்டில் தொழிற்சாலை டீமோடு. பாதித் தெரு வந்திருந்தது. வானம் கறுத்துக்கொண்டு நின்றது, காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. பெஞ்சை ஆட்டக்கோட்டுக்கு வெளியே, எதிராளியின் கூடைக்குப் பக்கவாட்டில் போட்டிருந்தார்கள். கேப்டன் டீம் பனியனைப் போட்டுக்கொண்டு அதன் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கத்தில் நின்றாள். ஆட்டத்தை அவள் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லக் கூடாதுதான், ஆனால் அன்று எங்கள் ஆட்கள் ஆடியதைப் போல நான் பார்த்ததே இல்லை. பந்து கைக்கு வந்ததும் ஓடினார்கள். லோடுக்குச் சங்கிலி மாட்டுகிற, குண்டு என்று நாங்கள் கூப்பிடுகிறவன்கூட ஓடினான். யாரும் யாருக்கும் கை காட்டவில்லை. நெட்டை ஒரு முனையில் பந்தைப் பறித்து மறு முனைக்கு அவனே கொண்டுபோய்ப் போட்டான். கூட்டம் விசிலடித்தது. கேப்டனும் கை தட்டினார், தட்டாவிட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள். தட்டிவிட்டுக் கைகளை மறுபடி தொடைக்கடியில் சொருகிக்கொண்டார்.

முடிகிற நேரத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பாட்டில்காரன் எறிந்தது கூடையில் பட்டுத் தெறிக்க, நெட்டை எட்டிப் பிடித்தான். முன்னால் ஆளில்லை. ஒருவன் மட்டும் பின்னாலேயே துரத்தினான். நெட்டை எதிர்க்கூடையை நோக்கிப் பாய்ந்தான். அப்போதுதான் கேப்டன் எழுந்தார். கோட்டோரம் ஓடிவந்து, அவன் கண்ணுக்கு நேராக நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி மணிக்கட்டில் குறுக்கே வைத்தார்.

நெட்டை நின்றான். அவன் மட்டுமா, பின்னால் வந்த குண்டு நின்றான், மற்ற மூவரும் நின்ற இடத்தில் நின்றார்கள். எல்லோரும் யார்டு ஆட்கள் அல்லவா. வேலியோரம் நின்றிருந்த நானே ஐஸ் போட்ட தண்ணீர்த் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றுவிட்டேன். பாட்டில்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவர்கள் புரிந்துகொள்ளக் காத்திருக்கவும் இல்லை. துரத்தி வந்தவன் நெட்டையின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கித் தூக்கி எறிந்தான். மறு முனையில் நின்றவன் வாங்கிப் போட்டான். விசில் ஊதிவிட்டார்கள், ஒரே புள்ளியில் தோற்றோம்.

கோச் நாற்காலியை மடித்தார். கேப்டன்தான் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார். நேரம் கொஞ்சம்தான் இருந்தது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாலே ஜெயித்திருப்போம், அவன் போட்டுத் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அதற்காகத்தான் காட்டினேன் என்றார். தெருவில் பாதிப் பேர் அதுவும் சரிதானே என்றார்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் அப்படி ஒரு வழி உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பாதி, அதற்கு யார்டு நிறுத்தையா காட்டுவது என்று கேட்டது. கை தானாகப் போய்விட்டது என்றார் கேப்டன்.

வீடு வந்ததும் மெஷின் ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நெட்டையின் குரல் கேட்டது. நெடுநாள் கழித்து அவன் அவரிடம் நேராகப் பேசினான்.

"மாமா, தோத்தது போகட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதுக்குக் காட்டினீங்க?"

"பந்தை நிறுத்தத்தான். எத்தனை பேர்கிட்டடா சொல்றது."

"அதுக்கு நீங்க கத்தியிருக்கலாம். நான் ஏன் கேக்கறேன்னா, உங்க கை குறுக்க போனா நான் யோசிக்கிறதே இல்லை. இப்ப யோசனை வந்துடுச்சு. உண்மையைச் சொல்லிட்டீங்கன்னா அது போயிடும்."

"நான் பொய் சொல்றேன்கிறியா?"

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. அக்கா வாசலில் வந்து உட்கார்ந்து, மழை வருமா வராதா என்று என்னிடம் கேட்டாள். வராது என்றேன். வராமலே போகட்டும், வந்தால் தகடு வழுக்கும் என்றாள்.

மறுநாள் காலை யார்டில் முதல் லோடு ஏறியதிலிருந்தே எனக்கு வேலை ஓடவில்லை. வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேப்டன் விரலைச் சுழற்றினார், கொக்கி ஏறியது. கையைத் தாழ்த்தினார், இறங்கியது. எல்லாம் நடந்தது. ஆனால் கைக்கும் கொக்கிக்கும் நடுவே ஏதோ ஒரு இடைவெளி விழுந்திருந்தது. வெளியாளுக்கு அது தெரியாது. நெட்டை கேபின் கண்ணாடியில் நெற்றியை வைத்து, ஒவ்வொரு சிக்னலையும் இரண்டு முறை பார்ப்பது போல இருந்தது.

டீ நேரத்துக்கு முன்னால் லாரிக்காரர் ஒருவர் வந்தார். லாரிக்கும் தகட்டு அடுக்குக்கும் நடுவே ஏதோ விழுந்துவிட்டதென்று குனிந்து தேடிக்கொண்டே லோடின் கீழே போய்விட்டார். லோடு இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கத்தியது சத்தத்தில் எங்கே கேட்கும். கேப்டனின் கைகள் தலைக்கு மேல் போய்க் குறுக்கே நின்றன.

லோடு நின்றது. நின்றதுதான், ஆனால் நிற்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நின்றபின் லாரிக்காரரின் தொப்பிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் ஆடியது. லாரிக்காரர் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு, மேலே பார்க்காமலே, வெளியே வந்து லாரியில் ஏறிக்கொண்டார். அவருக்கு இன்றுவரை தெரியாது. கேப்டன் கைகளை இறக்கவே இல்லை. மேலே நெட்டை கேபின் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தான்.

ஆடுவது அடங்கியதும் கேப்டன் லோடைப் பத்திரமாகத் தரையில் வைக்கவைத்தார். பிறகு சிக்னல்காரருக்கு உரிய ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றி ஃபோர்மேன் மேஜையில் வைத்தார். சங்கிலி மாட்டுகிறவர்களோடு போகிறேன், வேறு ஆளை நிற்கவையுங்கள் என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றார் ஃபோர்மேன்.

"ஒண்ணும் ஆகலை."

"அப்புறம் என்ன?"

"ஆகறதுக்கு முன்னாடி சொல்றேன்" என்றார் கேப்டன். ஃபோர்மேன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மட்டும் என்று சொல்லி வேறொருவரை நிறுத்தினார்.

மாலையில் அக்கா சுவர் வழியாக என்னைக் கூப்பிட்டாள். ஜன்னல் கொண்டி சரியில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள் என்றாள். போனேன். கொண்டி திடமாகத்தான் இருந்தது. இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கட்டும் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. யார்டில் நடந்தது அதற்குள் தெருவழியாக அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. நானும் திருப்புளியை வைத்து இல்லாத பழுதைத் திருகிக்கொண்டு நின்றேன். மேஜையில் ரொட்டி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை. யாரும் தொடவில்லை.

நெட்டைதான் முதலில் பேசினான். நாளை முதல் வேறு கிரேனுக்கு மாற்றிக் கேட்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னான். உங்கள் மேல் கோபமில்லை என்று மாமாவிடம் சொல், எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது என்றான். லாரிக்காரரின் தொப்பி கண்ணை விட்டுப் போகவில்லை என்றான். அக்கா எதையும் இந்தப் பக்கம் கடத்தவில்லை. முட்டையின் ஓட்டை நொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"மாற வேணாம்" என்றார் கேப்டன். நேராக அவனைப் பார்த்துச் சொன்னார். "நான் பந்தை நிறுத்தறதுக்காகக் காட்டலை."

மெஷின்மேல் கிடந்த கையுறையை எடுத்துப் பார்த்தார், மறுபடி அங்கேயே வைத்தார்.

"நீங்க நல்லா ஆடினீங்கடா. நான் இல்லாம அவ்வளவு நல்லா ஆடினீங்க. நீ அந்தப் பந்தையும் போட்டுட்டா அதுக்கப்புறம் எனக்கு அங்க என்ன இருக்கு? அது விழக் கூடாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான். கை தானா போகலை. நான்தான் தூக்கினேன்."

எனக்குத் திருப்புளியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மனிதருக்கு இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். அதுவும் மனைவி முன்னால், அவள் தம்பியிடம், பக்கத்து வீட்டுக்காரனை வைத்துக்கொண்டு.

நெட்டை நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இதை நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா, மாமா," என்றான், "இன்னிக்கு நான் உடனே நின்னிருப்பேன்."

கேப்டன் தலையை ஆட்டினார். அவன் ரொட்டியை எடுத்தான். உப்பு டப்பா அவர் பக்கம் இருந்தது. கை நீட்டி அவனே எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு?" என்றாள் அக்கா. இருவரில் யாரைக் கேட்டாள் என்று சொல்ல முடியாது.

"அவரே நிக்கட்டும்" என்றான் நெட்டை.

உறுதியாகத்தான் சொன்னான். கேப்டனும் சரி என்றார். ஆனால் மறுநாள் மாலை வேலை முடிந்து சங்கு ஊதி, நாங்கள் எல்லோரும் தெருவுக்குள் வந்தபோது, அக்கா அடுப்பைப் பற்றவைத்திருக்கவில்லை. மெஷினும் ஓடவில்லை. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, நாலு பூட்ஸும் சுவரோரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் உள்ளே போய்த் தீப்பெட்டியைத் தேடினாள்.